கொழுந்துக் கூடையைத் தவிர எங்களிடம் என்ன இருக்கிறது?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது கொழும்பில் டிசைன் படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. இறுதி ஆண்டு வேலைக்கு அவரவர் பாரம்பரியத்தை எடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கண்டிப் பிள்ளைகள் தும்பறை நார்ப்பாய், பித்தளை என்று எடுத்துக்கொண்டார்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை பனையோலையை எடுத்தது. இவர் மலையகம் என்றதும், "கொழுந்துக் கூடையும் தேயிலை இலையும் போட்டு ஒரு பத்திக் (மெழுகு வைத்துச் சாயமிடும் துணி) செய்யுங்களேன்" என்றாராம் படிப்பிக்கும் சேர். "எங்களுக்கென்று கைவினையே இல்லையா? நானும் தும்பறை டிசைனை எடுத்தால் தவறா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது தங்கச்சி. கடைத் தட்டில் அடுக்கி விலைச்சீட்டு ஒட்டுகிற பொருளாக இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கூடைப் படத்தை ஒதுக்கி வையுங்கள். கூடையோடு சிரித்து நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் நம்மவர் வரைந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்கீன், பிளாட்டே போன்ற படப்பிடிப்புக் கடைக்காரர்கள் தபாலட்டைக்காக எடுத்து விற்றது அது. தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கிய பிறகு விளம்பரக்காரர்களின் கையில் அது இன்னும் பெருகியது. தேயிலைப் பெட்டி, தகர டப்பா, சுவரொட்டி என்று நூறு வருடத்துக்கு மேலாக அதே முகம். அந்தப் படத்தில் மழை பெய்யாது, காலில் அட்டை கடிக்காது. அதையே எடுத்து நீங்களும் துணியில் மெழுகு வைத்தால் உங்கள் அப்பாயியைப் பற்றிக் கம்பனி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறீர்கள்.

சரி, கண்டியில் தெருவுக்குத் தெரு கைவினை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மட்டும் ஒன்றுமில்லை என்று ஏன் தோன்றுகிறது? கையில் திறமை இல்லாததால் அல்ல, காலடியில் நிலம் இல்லாததால். கண்டி இராச்சியத்தில் கைவினை நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. பித்தளை வார்ப்பவர், பாய் நெய்பவர், மாத்தளைப் பக்கம் ஹாப்புவிதவில் விரல் நகத்தால் அரக்கை இழுத்துக் கோலம் போடுபவர் எல்லோரும் அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலே என்னும் தெய்வக் கோயிலுக்கோ வேலை செய்து கொடுப்பார்கள். அதற்கு ஈடாக ஒரு துண்டு வயலைப் பயிர்செய்து சாப்பிடுவார்கள். 1815இல் கண்டி வீழ்ந்தது, 1832இல் இராஜகாரியம் என்ற அந்தக் கட்டாய வேலைமுறையும் ஒழிந்தது. அரசன் என்ற பெரிய வாடிக்கைக்காரர் போய்விட்டார். ஆனாலும் குடும்பம் ஊரில் இருந்தது, வயல் இருந்தது, விகாரை வேலை கொடுத்தது. 1882இல் கண்டியக் கலைச் சங்கம் வேறு உருவானது. அப்படித்தான் தொழில் அறுந்துபோகாமல் வந்தது.

நம்மவர் கதை வேறு. 1820களிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கோப்பிக்காக வந்தார்கள். 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் போட்டிருந்தார்; மலையெல்லாம் தேயிலையானது. ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. ஒரு கைத்தறியை அங்கே நிறுத்தினால் ஆட்கள் வெளியேதான் படுக்க வேண்டும். விடியும்போதே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வருகிறவர்களுக்குத் தறியில் உட்கார நேரமும் இல்லை. போதாததற்கு 1948இல் குடியுரிமை பறிபோனது, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாழ்ந்த சனத்திடம் பட்டறை எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். கண்டிக் கைவினைகளை முதன்முதலில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, ஆவணமாக்கி, 1908இல் "மத்தியகால சிங்களக் கலை" என்று பெரிய புத்தகம் போட்டவர் ஆனந்த குமாரசுவாமி. தகப்பன் வழியில் தமிழர், கனிமவள ஆய்வுக்காக மலை மலையாக அலைந்தவர். அவர் நடந்த அதே மலைகளில் பல இலட்சம் தமிழர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் தேடியது பழைய அரசின் கலையை, ஆகவே குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒருவர் லயத்துப் பக்கமும் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தால் இன்று நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அப்போ நம்மிடம் என்னதான் இருக்கிறது? வேலையின் பொருட்களையும் சடங்கின் பொருட்களையும் பாருங்கள்.

மழைக்குத் தலையில் போடும் கொங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு சாக்கு இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். சாக்கின் அடிப்பக்கத்தில் இரண்டு மூலை இருக்கும். ஒரு மூலையை உள்ளே தள்ளி, மற்ற மூலைக்குள் போய் உட்கார விடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகி ஒரு கூம்பு வரும். அதைத் தலையில் கவிழ்த்தால் மீதிச் சாக்கு முதுகில் விழுந்து இடுப்புவரை இறங்கும். முன்பக்கம் திறந்திருக்கும், இரண்டு கையும் கொழுந்து எடுக்க விடுதலையாக இருக்கும். தலையிலும் முதுகிலும் சாக்கு இரட்டை மடிப்பாக நிற்கிறது. குனிந்து வேலை செய்பவருக்கு மழை விழுவதும் அங்கேதான். கத்தரி படவில்லை, ஊசி படவில்லை, ஒரு நூல் வீணாகவில்லை. துணியை வெட்டாமல் உடுப்புச் செய்வதைப் பற்றி உங்கள் வகுப்பில் ஜப்பானிய உதாரணம் காட்டியிருப்பார்கள். இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அதற்கு முந்திய கதை கம்பளி. கறுப்பான, முரட்டு ஆட்டுமயிர்ப் போர்வை. இந்தியாவிலிருந்து வரும். தோட்டத்தில் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். பகலில் மழைக்கு அதுதான் கொங்காணி, இரவில் குளிருக்கு அதுதான் போர்வை, பிள்ளையைச் சுற்றுவதும் அதிலேதான். மலையகத்தின் முதல் துணி எது என்று யாராவது கேட்டால் கண்டாங்கிச் சேலைக்கு முன்னால் நான் கம்பளியைத்தான் சொல்லுவேன்.

இடுப்பில் கட்டும் படங்குக்கும் ஒரு வரலாறு உண்டு. கவ்வாத்து வெட்டிய செடியின் கட்டைகள் தொடையைக் கிழிக்கும், காலைப் பனியில் சேலை நனைந்து காலோடு ஒட்டும். அதனால் முதலில் சாக்கு, அப்புறம் உரப்பை, அப்புறம் பொலித்தீன். பொருள் மாறிக்கொண்டே வந்தது, கட்டும் முறை மட்டும் மாறவில்லை. கூடையும் அப்படித்தான். மூங்கிலிலும் பிரம்பிலும் பின்னிய கூடை போய், இன்று பல தோட்டங்களில் நைலோன் பை. பாரம் கயிற்றின் வழியாகத் தலையில் இறங்குகிறது என்பதில் மட்டும் மாற்றமில்லை. அந்தக் கயிறு அறுக்காமல் இருக்கத் துணியை எப்படி மடித்துத் தலையில் வைக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். ஆளுக்கு ஆள் மடிப்பு வேறு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மடிப்புகளை மட்டும் வரைந்தே ஒரு முழு வேலையைச் செய்துவிடுவேன். மட்டக்கம்பையும் விட்டுவிடாதீர்கள். செடிகளின் தலைக்கு மேல் கிடத்தி, கொழுந்து எடுக்கும் மட்டம் சரியா என்று பார்க்கும் அந்த மெல்லிய கம்புதான், வெளிநாட்டார் வந்து படம் பிடிக்கும் பச்சைக் கம்பளம் போன்ற மலையின் அளவுகோல். அந்த மலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

அடுத்தது தப்பு என்ற பறை. மரவளையத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, வைக்கோலோ கடதாசியோ கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டித் தோலை முறுக்கேற்றி அடிப்பது. பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி வருவதற்கு ஓர் அடி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு வேறு அடி. இதைத் துணிக்குக் கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன். நெசவு என்பது ஒவ்வொரு இடத்திலும் நெடுக்கு நூலான பாவு மேலே வருகிறதா, குறுக்கு நூலான ஊடை மேலே வருகிறதா என்ற இரண்டே பதில்தான். ஒரு தப்படியைப் பதிவு செய்யுங்கள். கட்டம் போட்ட தாளில், அடி விழும் இடத்தைக் கறுப்பாக்கி, விழாத இடத்தை வெள்ளையாக விடுங்கள். வலக்கைக் குச்சிக்கு ஒரு வரிசை, இடக்கைக் குச்சிக்கு ஒரு வரிசை. அதைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் தறிக்குப் போகக்கூடிய நெசவுக் கட்டம் கையில் இருக்கும். தப்பின் படத்தைத் துணியில் வரைவதற்கும் தப்படியையே நெய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சேரே புரிந்துகொள்வார்.

ஆனால் ஒன்று. தப்பை எடுத்தால் சாதியையும் எடுத்தே ஆக வேண்டும். பல தோட்டங்களில் இன்றும் தப்பு அடிப்பது "அவர்கள் வேலை" என்று ஒதுக்குவதும், அந்தக் குடும்பத்து இளைஞர்கள் வெட்கப்பட்டுத் தொடாமல் விடுவதும் நடக்கிறது. "நமது மலையகப் பாரம்பரியம்" என்று பொதுவாக எழுதிவிட்டு, அடிப்பவரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

காமன் கூத்துக்கு மாசியில் ஊருக்குப் போங்கள். கம்பு ஊன்றி, வைக்கோல் பிரி சுற்றி, வறட்டி கட்டி, மதனும் ரதியும் வேஷம் கட்டும் அந்த நாட்களில் லயத்து முற்றமே பட்டறைதான். காகிதம், மினுக்குத் தாள், அட்டை, பழைய சேலைக்கரை, கிடைப்பதையெல்லாம் வைத்துக் கிரீடமும் தோளணியும் செய்வார்கள். முன்னிரவில் டோர்ச் வெளிச்சத்தில் எது மின்னும் என்று கணக்குப் போட்டு ஒட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரியிலும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்குப் பஞ்சரதம் புறப்படும்போது தேரின் சீலைகளையும், குழாய் போலத் தொங்கும் தொம்பைகளையும் பாருங்கள். துணி மேல் துணி வெட்டித் தைக்கும் வேலை அது, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கை. ஒரே மாதத்தில் இரண்டும் கிடைக்கும்.

பச்சை குத்தியிருக்கும் கிழவிகள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். முன்கையில் கோலப் புள்ளி, தேள், விட்டுவந்த ஊரின் பெயர், செத்துப்போன பிள்ளையின் பெயர். எல்லா வேலையையும் விட இது அவசரம். கேட்டு, அனுமதி வாங்கி வரைந்துகொள்ளுங்கள். யாருக்கு எந்தக் கோலம், ஏன் என்பதையும் எழுதி வையுங்கள். ஆனால் செத்த பிள்ளையின் பெயரைத் துணிப்பையில் அச்சடிக்கக் கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

இந்த வழியில் ஏற்கனவே நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஹனுஷா சோமசுந்தரம் மலையகத்துப் பிள்ளை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். தேயிலைப் பை, வடிகட்டி, சாயக்கறை இவற்றையே பொருளாக்கி வேலை செய்கிறார். பெயிண்டில் தேயிலைத் தோட்டத்தை வரைவதை விட, குடித்து வீசிய தேயிலைப் பையில் கறையாக வரும் கோடு அதிகம் பேசுகிறது. அருள்ராஜ் உலகநாதனும் தோட்டத்து உழைப்பையே எடுத்துக்கொண்டு வேலை செய்பவர். இருவரின் வேலைகளையும் தேடிப் பாருங்கள், ஆனால் அதையே திருப்பிச் செய்யாதீர்கள். தேயிலைக் கறை என்றாலே இப்போது ஒரு வழக்கமாகிவிடும் போல எனக்கு ஒரு சின்னப் பயம் உண்டு. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இருக்கும் தேயிலை அருங்காட்சியகம் இயந்திரத்தைக் காட்டும், இது ஆட்களைக் காட்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

துணிப் பக்கம் ஒரு நல்ல முன்மாதிரி மாத்தளை அளுவிகாரை. பத்திக்கைச் சுற்றுலாக் கடைச் சரக்காக இல்லாமல் கட்டடத்தோடு பேசுகிற கலையாக மாற்றியவர் ஏனா டி சில்வா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை ஹோட்டலுக்கு அவர் செய்த பத்திக் விதானம் பேர்போனது. பின்னாளில் தன் குடும்பத்து ஊரான அளுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களை வைத்துப் பத்திக், தையல் வேலை, மரவேலை என்று ஒரு மையத்தையே நடத்தினார். 2015இல் காலமானார். அவர் குடும்பத்துக்கு நிலமும் பெயரும் இருந்தது, நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேலையை ஊரிலேயே வைத்து, ஊர்ப் பெண்களின் கையிலேயே விட்டார். அது எங்கே வேண்டுமானாலும் செய்யக்கூடியது. நுவரெலியாவில் அம்மா என்ற சமூக நிறுவனம் தோட்டத்துத் தாய்மாரோடு சேர்ந்து சமையல் கழிவில் சாயம் எடுத்துத் துணி செய்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சாயம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எப்படியும் அதில் இறங்குவீர்கள். தேயிலையில் துவர்ப்புச் சத்து இருப்பதால் பருத்தியில் தானாகவே பிடிக்கும். ஆனால் துணியைச் சோடா போட்டு அவித்துப் பசையை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வரும். வெறும் தேயிலையில் வருவது சந்தன நிறத்திலிருந்து மண்ணிறம் வரை. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் காட்டினால் சாம்பலாகும், இன்னும் போனால் கரும்சாம்பல். இரும்பைக் கூட்டிவிட்டால் நாளடைவில் நூல் இற்றுப்போகும், கவனம். வெங்காயத் தோலைப் படிகாரத்தோடு சேர்த்தால் பொன்னிறம். அவகாடோ கொட்டையை மெதுவாக அவித்தால் இளஞ்சிவப்பு, யாரும் நம்ப மாட்டார்கள். நுவரெலியாப் பீட்ரூட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது துணியில் நிற்காது. யூகலிப்டஸ் இலை பருத்தியில் பெரிதாகப் பேசாது, ஆனால் வெள்ளை ஆட்டுமயிரில் செம்மண் நிறமாகப் பிடிக்கும். கம்பளியை எடுத்து வேலை செய்வதென்றால் அதை மறக்காதீர்கள். ஸ்டோரில் கழிக்கும் தேயிலைத் தூசியை வாங்கிச் சாயம் போடலாம் என்று யோசித்தால் முதலில் அனுமதியைக் கேளுங்கள். கழிவுத் தேயிலை சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள பொருள், யாரும் சும்மா அள்ளித் தர முடியாது. வீட்டில் வடித்து ஊற்றும் தூளே போதும்.

கடைசியாகத் தும்பறை. தவறா என்று கேட்டீர்கள். கண்டியைக் கடைசி எழுபத்தாறு வருடம், 1739 முதல் 1815 வரை, ஆண்டவர்கள் மதுரை வழி நாயக்கர்கள். அந்த அரண்மனைக் கலையில் தென்னிந்தியக் கையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே "அது அவர்களுடையது, இது நம்முடையது" என்று வேலி போட்டுப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தப் பாயை நெய்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். கின்னர சமூகம். பழைய கண்டியில் சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டவர்கள். ஹண என்று சொல்லும் கற்றாழை போன்ற செடியின் மடலைப் பலகையில் வைத்துச் சுரண்டி, சதையை நீக்கி, நாரைக் கழுவிக் காயவைத்து, பதங்கிக் கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் கடுக்காயில் கறுப்பும் ஏற்றி, தரையோடு கிடக்கும் தறியில் உட்கார்ந்து நெய்தார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் அது ஏறியது. நம் தப்புக்காரரின் கதைக்கும் அந்தப் பாய்க்காரரின் கதைக்கும் உள்ள ஒற்றுமை உங்களுக்கே தெரியும். உங்கள் வேலையில் இரண்டும் சந்திக்க வேண்டுமானால் அந்த இடத்தில் சந்திக்கட்டும்.

அதனால் இணையத்தில் படம் எடுத்து அந்த யானையையும் மயிலையும் துணியில் அச்சடிக்காதீர்கள். குண்டசாலைப் பக்கம் ஹென்னவலவுக்குப் போய், நெய்கிற குடும்பத்திடம் ஒரு துண்டு சொல்லிச் செய்வியுங்கள். நீங்கள் கட்டம் போட்டுவைத்த தப்படியைக் கொண்டுபோய்க் காட்டி, இதை நாரில் நெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அவர்கள் சொல்வதிலேயே நிறையக் கற்கலாம். முடியும் என்றால் கேட்ட விலையைக் கொடுங்கள், நார் சுரண்டும் நாட்களையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். நெய்தவரின் பெயரை, அவர் சம்மதித்தால், கண்காட்சியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். சிங்களம் கொஞ்சம் தடுமாறினால் துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது, நாரைச் சாயம் போடும் நாளாக இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.